மன்னார் வளைகுடா ஆராய்ச்சிப் புகைப்படங்கள்

மன்னார் வளைகுடாவின் மீன், சுறா, திருக்கை, முத்துச்சிப்பி முதலிய ஜீவராசிகளை ஆராயும் பொருட்டுச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் மேற்கொண்ட கடற்பிரயாணங்களின் போதும், அவற்றையொட்டி எழுந்த மீன்வளப் பணிகளின் போதும் எடுக்கப்பட்ட படங்கள், தமிழகக் கடலாராய்ச்சியின் ஆதி சாட்சியங்களுள் தலையாயவை.

இலங்கை அரசாங்கத்துக்காக முத்துப்பார்களைப் பரிசோதிக்க 1902இல் வந்த லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும், அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹார்னெலும் கண்டறிந்தவை, 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டியால் ஐந்து பாகங்களாகப் பிரசுரிக்கப்பட்டன. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்கு வித்தென்றும், அச்சிப்பியைத் தின்னும் கிளாத்தி போன்ற மீன்களையும், அவற்றை விழுங்கும் பெருந்திருக்கைகளையும் புகலிடமாகக் கொண்டே அப்புழு முதிர்ச்சியடைகின்றதென்றும் அவர்கள் கருதினர். எல்லா முத்துக்கும் அதுவே காரணம் என்னும் அபிப்பிராயம் பின்னர் நிலைபெறவில்லையாயினும், முத்தைத் தேடி வந்தவர்களின் கவனம் திருக்கையின் குடல்வரை சென்றது அதனால்தான்.

இவ்வாறு ஆராயப்பட்ட உயிர்களுள் சுறாவுக்குப் படம் இன்றியமையாதது. ஏனெனில் அதன் உடற்கூடு எலும்பாலன்றிக் குருத்தெலும்பாலானது. கரையேற்றியதும் உடல் தன் பாரத்தாலேயே தளர்ந்து உருமாறும். பெரியதொன்றைச் சாராயப் புட்டியில் அடைத்துப் பாதுகாத்தலும் இயலாது. பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலின் கல்லச்சுச் சித்திரங்கள் செதிலையும் துடுப்பையும் துல்லியமாகக் காட்டுவன. ஆயினும் பிடித்த கரை, படகு, உடன்நின்ற மனிதர் ஆகியவற்றைப் புகைப்படமே காட்டவல்லது.

அந்த மனிதர்களே இங்கு முக்கியமானவர்கள் என்பது எம் கருத்து. சங்கும் முத்தும் குளிப்போர், சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி ஆகியோரின் அனுபவ ஞானத்தை நம்பியே அன்றைய முத்துக்குளிப்பு நடந்தது. எனினும் உயிரினத்தின் லத்தீன் பெயரைத் தவறாது குறித்த படவிளக்கங்கள் அவர்களுடைய பெயர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. இது பெருங்குறை.

இக்கடலாராய்ச்சிக்கும் நீலகிரி மலைக்கும் உறவுண்டு. 1905இல் சென்னை இராஜதானியின் மீன்வளப் பணிக்கு அடிகோலிய சர் பிரெடரிக் நிக்கல்சன் நீலகிரியிலுள்ள குன்னூரில் வசித்தவர். அவருக்குப்பின் அத்துறையின் தலைமையேற்ற ஹார்னெல், 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலிலும் புகைப்படத் தகடுகளைச் சேர்த்தார். ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் பலர் தங்கிய இம்மலைகளின் பழைய பங்களாக்களில் இத்தகைய படங்களின் கண்ணாடித் தகடுகள் இன்னும் கிடக்கக்கூடும். லவ்டேல் போன்ற நீலகிரி ஊர்களின் மூடுபனியும் மழைக்கால ஈரமும் தகட்டின் ஜெலட்டின் படலத்தில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். ஆதலால் அவற்றை வைத்திருப்போர், துடைத்துச் சுத்தம் செய்ய முயலாமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு, நேர்நிமிர்த்தி உலர்ந்த இடத்தில் வைத்து, தம் குடும்பத்தாருக்குத் தெரிந்த இடம், ஆண்டு, ஆள்பெயர் ஆகியவற்றை எழுதிச் சேர்த்து, சென்னை அருங்காட்சியகத்துக்கேனும் ஆவணக்காப்பகத்துக்கேனும் அறிவிக்க வேண்டுகிறோம்.