கரண்டுக்காரப் பெரியப்பா

மின்சாரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அணைக்கட்டில் ஆரம்பித்து, பெரிய மனிதர் ஒருவர் பொத்தானை அமுக்கிய வைபவத்தோடு முடித்துவிடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் கதையே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மலையிலே உண்டான அந்தச் சக்தி, மனிதர்கள் நடமாடும் இடத்துக்கு வந்து, அவர்களைக் கொல்லாமல் வேலை செய்தது எப்படி? கோயமுத்தூர்ப் பக்கத்தைப் பொறுத்தவரை இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்குப் பெரியப்பா. ஒரு நூல் மில்லில் நாற்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்து, 1988-ல் ஓய்வு பெற்று, 2011-ல் காலமானார். தெருவில் அவருக்குப் பெயர் 'கரண்டுக்காரர்'.

அவர் 1930-ல் பிறந்தபோது அவருடைய தகப்பனார் ஊரில் இல்லை. நீலகிரியின் வட சரிவில், சிங்காராவில், பைக்காரா மின் திட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தார். பைக்காரா ஆற்றுத் தண்ணீரை இரும்புக் குழாயில் அடைத்து 3000 அடிக்கு மேல் கீழே இறக்கிச் சக்கரத்தைச் சுழற்றுவது என்று ஏற்பாடு. அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் இறக்கிய மின் நிலையங்கள் அந்நாளில் உலகத்திலேயே சிலதான். குழாய்களைச் சரிவில் ஏற்றிய ஜனங்களை மலைக்காய்ச்சல் வாட்டி எடுத்தது. 1932-ல் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்த மனிதர் கொயினா மாத்திரையும் நடுக்கமுமாக வீடு திரும்பி, இரண்டு வயசுப் பிள்ளையை முதல் தடவையாகப் பார்த்தார்.

பைக்காரா கரண்டு வந்ததும் கோயமுத்தூர் மாறிய வேகம் கொஞ்சநஞ்சமல்ல. 1888-லேயே அங்கே பஞ்சாலை உண்டு. ஆனால் அது நீராவி யுகம். பாய்லருக்கு விறகும் கரியும் கொட்டி, ஒரே இஞ்சினின் பலத்தை நீண்ட இரும்புத் தண்டு வழியாகவும் தோல் பட்டைகள் வழியாகவும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் இழுக்க வேண்டும். மலிவான மின்சாரம் கிடைத்ததும் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. தோட்டங்களில் கவலை இறைத்த மாடுகளுக்கும் மெள்ள மெள்ள ஓய்வு கிடைத்தது. கிணற்று மோட்டாரை உள்ளூரிலேயே செய்யவும் துணிந்துவிட்டார்கள். ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு பெயர்களை எல்லோரும் அறிவார்கள். அந்த மோட்டார்கள் எரிந்துபோனபோது தெருவோரத்துப் பட்டறைகளில் உட்கார்ந்து காயில் கட்டிக் கொடுத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. என் பெரியப்பா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

1948-ல் எடுபிடியாக மில்லில் சேர்ந்தார். நூற்பு இலாகாவில் பஞ்சுத் தூசி மழைபோல இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்குள்ளே போய் அடைந்தால் சூடு ஏறும். ஒரு பொறி பறந்தால் போதும், மில்லே போய்விடும். அதனால் அவருடைய வேலையில் முக்கால்வாசி, கெட்டதைச் சரி செய்வதல்ல. கெடாமல் துடைத்து வைப்பது. இந்த வேலைக்கு யாரும் மாலை போட்டதில்லை.

அப்பொழுது கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா மின் திட்டம் எழும்பிக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்த இரண்டு பேர் அதிகச் சம்பளத்துக்கு மலையேறினார்கள். இவரையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. வயசான தாயார், கைக்குழந்தை, மாசமாக இருந்த மனைவி. "எங்கப்பன் மலைக்குப் போயித்தான் எம் மொகத்தையே ரெண்டு வருசங் கழிச்சுப் பாத்தாரு கண்ணு" என்று என்னிடம் சொன்னார். ஊரில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு பயன் இருந்தது. ஒரு நாள் பகல் ஷிப்டில், அவருடைய சிநேகிதர் ஒருவர் பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் கையை விட்டிருந்தார். சுவிட்சு அறைக்கு வந்த வேறொருவர், யந்திரம் சும்மா நிற்கிறதே என்று கீழே கிடந்த பியூஸ் கட்டைகளைத் திரும்பச் செருகிவிட்டார். 400 வோல்ட். சுவரில் சட்டப்படி மண்டையோட்டுப் பலகையும், மின் அதிர்ச்சி அடைந்தவரை உயிர்ப்பிக்கும் படமும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்தப் படத்தில் கண்டபடி சிநேகிதரைக் குப்புறப் படுக்கவைத்து, பெரியப்பா அரை மணி நேரம் முதுகை அமுக்கினார். பிரயோஜனமில்லை. இறந்தவருக்கு மூன்று குழந்தைகள். செருகியவரும் கெட்டவரல்ல, அவருக்கும் குழந்தைகள் உண்டு.

அன்று முதல் பெரியப்பா இரண்டு வழக்கங்களை மேற்கொண்டார். முதலாவது, பிடுங்கிய மூன்று பியூஸ் கட்டைகளையும் தம் காக்கிப் பையிலே போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை அவை அவருடனேதான் இருக்கும். சாப்பாட்டுக்குப் போனாலும் சரி. ஒரு நாள் மறதியாக அவற்றோடேயே வீட்டுக்கு வந்துவிட, யந்திரங்கள் நின்று, சைக்கிளில் ஆள் பறந்து வந்தது. அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். "சம்பளம் போனா வருமுங்க" என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு, மறுநாளும் கட்டைகளைப் பையில்தான் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது, சோதனை விளக்கு. இரண்டு பல்புகளைத் தொடராகக் கட்டிய சாதனம் அது. கம்பியில் வைத்துப் பார்த்து விளக்கு எரியாவிட்டால், கம்பியில் கரண்டு இல்லை என்று நாம் எடுத்துக்கொள்வோம். பல்பே செத்திருந்தால்? ஆகையால் முதலில் உயிருள்ள கம்பியில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்ய வேண்டிய கம்பியில். கடைசியாக மறுபடியும் உயிருள்ள கம்பியில். மூன்றும் ஆன பிறகுதான் கை வைப்பார். எத்தனை அவசரமானாலும் மூன்றில் ஒன்றைக் குறைக்க மாட்டார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கே இருந்திருக்கிறது. ஆனால் அவரிடம் வேலை பழகியவர்களில் ஒருவர்கூடக் கரண்டில் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிற்பாடு பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கை மட்டும் அசையும், குரல் கம்மிவிட்டது. பழைய இரும்புத் தகடுகளை வாங்கி வந்து, செம்புக் கம்பி சுற்றி, 230 வோல்ட்டை 8 வோல்ட்டாகக் குறைக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பெரியப்பா தாமே செய்தார். தலையணைப் பக்கம் ஒரு பொத்தான். திண்ணையில் ஒரு மணி. ஈரக் கையால் அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது என்பதைக் காட்ட, தம் கையைத் தண்ணீரில் நனைத்து இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் எதிரில் நின்றார். அப்புறம்தான் பெரியம்மா பொத்தானைத் தொட்டாள்.

மணி ராத்திரி பகல் என்று பாராமல் அடிக்கும். திண்ணையிலிருந்து எழுந்து ஓடுவார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க. வேல செய்யுதான்னு பாத்தேன்."

ஆறு வருஷம் இப்படி. ஒரு தடவையாவது சலித்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. அவரிடமிருந்துதானே அந்தப் பழக்கம் பெரியம்மாவுக்கு வந்திருக்க வேண்டும்!

பெரியம்மா போன சில வருஷங்களுக்கெல்லாம் மில்லும் மூடப்பட்டது. யந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்கு உடைத்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். கூரையில் பாதி போய்விட்டது. சுவிட்சு அறையில் புறாக்கள். அவருடைய பலகை மட்டும் சுவரோடு நின்றது. தமக்கு அந்தப் பீங்கான் பியூஸ் கட்டைகளில் மூன்று வேண்டும் என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க பெரியவரே. கரண்டைத் துண்டிச்சு ஒரு வருசம் ஆச்சு" என்றார் இரும்புக்காரர்.

பெரியப்பா பையிலிருந்து சோதனை விளக்கை எடுத்தார். உயிருள்ள கம்பி அந்த மில்லில் எங்கேயும் இல்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், அங்கே பிளக்கில் வைத்து இரண்டு பல்பும் மங்கலாக எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பலகையில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. பிறகு மறுபடியும் தெருவைக் கடந்து டீக்கடைக்குப் போனார்.