விசுவாசத்தை விசாரித்த மன்றம்: கோவாவும் நமது சமவெளியும்

சபை வரலாற்றைக் கற்பிக்குங்கால் ‘இன்குவிசிஷன்’ என்னும் விசாரணை மன்றத்தைப் பற்றிய பகுதி வந்தவுடனே, நம் மாணவர் ஸ்பெயின் நாட்டையே நினைக்கின்றனர். அது கடல் கடந்த தேசத்துச் செய்தி என்றும், ரோமச் சபையாருக்கு மட்டுமே உரிய பழி என்றும் எண்ணி அடுத்த அதிகாரத்துக்குச் செல்கின்றனர். இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. அம்மன்றம் நமது தேசத்திலேயே இரண்டரை நூற்றாண்டுக் காலம் நடைபெற்றது. ஜேடர்பாளையம் முதலிய காவிரிக் கரையூர்களுக்கு வெகு தொலைவில் இல்லாத சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் 1623ஆம் ஆண்டில் நடந்து வந்த ஓர் ஊழியர், அம்மன்றத்து அதிகாரிகளும் அமர்ந்திருந்த ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்றவரே. ஆகவே இவ்வரலாற்றை நம் வாசற்படியிலிருந்தே ஆராய்வது தகும்.

கோவாவில் இத்தகைய மன்றம் ஒன்று வேண்டுமென்று பிரான்சிஸ் சவேரியார் 1546ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கல் மன்னருக்கு எழுதினார். அவர் மரித்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 1560இல் அது நிறுவப்பட்டது. யூத மரபிலிருந்து வந்த ‘புதிய கிறிஸ்தவர்’ மீதே முதலில் அதன் கண் விழுந்தது. பின்னர், ஞானஸ்நானம் பெற்றும் முன்னோரின் வழக்கங்களைக் கைவிடாதவர் என்று ஐயுறப்பட்ட இந்நாட்டு மக்கள் மீது திரும்பிற்று. 1774இல் நிறுத்தப்பட்டு, 1778இல் மீண்டும் தொடங்கி, 1812இல் முற்றிலும் ஒழிந்தது. இதற்கிடையில் அது நடத்திய வழக்குகள் ஏறத்தாழ 16,000 எனக் கணக்கிடப்படுகின்றன.

இவ்வெண்ணின் பின்னே மனிதர் இருக்கின்றனர். கார்சியா தா ஓர்ட்டா என்னும் மருத்துவர் இந்திய மூலிகைகளைப் பற்றிய தம் அரிய நூலை 1563இல் கோவாவில் அச்சிட்டார், 1568இல் மரித்தார். மறு ஆண்டு அவருடைய சகோதரி யூத மார்க்கத்தைப் பின்பற்றினாள் என்று எரிக்கப்பட்டாள். 1580இல் மருத்துவரின் எலும்புகளும் கல்லறையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. மரித்தவனையும் விடாத மன்றம் அது.

எனினும் தீயைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது அதன் விசாரணை முறை. குற்றஞ்சாட்டியவர் யாரென்று குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சொல்லப்படுவதில்லை. பல வேளைகளில் குற்றம் இன்னதென்றும் சொல்லப்படாது. சிறையில் இருப்பவரே தம் பாவத்தை ஊகித்து அறிக்கையிட வேண்டும். 1673இல் தாமனில் பிடிக்கப்பட்டு, 1676 ஜனவரியில் கோவாவில் தீர்ப்புப் பெற்ற பிரெஞ்சு மருத்துவர் டெலோன், 1687இல் வெளியிட்ட தம் நூலில் இம்முறையை விரிவாக எழுதி ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்தார். தமிழ்நாட்டுக் கரையும் இதற்குத் தப்பவில்லை. சென்னையில் ஊழியம் செய்த கப்புச்சின் துறவி எப்ராயீம் 1649இல் சாந்தோமில் பிடிக்கப்பட்டு கோவாச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவரது விடுதலைக்காகக் கோல்கொண்டாவின் முஸ்லிம் ஆட்சியாளர் வற்புறுத்த வேண்டியதாயிற்று. கிறிஸ்தவத் துறவி ஒருவரைக் கிறிஸ்தவ மன்றத்தின் கையிலிருந்து மீட்க முஸ்லிம் அரசு முயன்ற இச்செய்தி நம்மைத் தலைகுனியச் செய்கிறது.

இனி நமது சமவெளிக்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவியுடுத்தித் தமிழ்த் துறவியாக வாழ்ந்தார். ஞானஸ்நானம் பெற்றோர் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை வைத்துக்கொள்ள இடங்கொடுத்தார். உடன் ஊழியரே 1610இல் அவர்மேல் முறையிட்டனர். 1619இல் கோவாவில் கூடிய சங்கத்தில் பேராயரும் பெரும்பாலோரும் அவரை எதிர்த்தனர். ஆனால் விசாரணை அதிகாரிகளுள் ஒருவரான அல்மேதா அவர் பக்கம் நின்றார். போர்த்துக்கல் நாட்டின் தலைமை விசாரணை அதிகாரியும் பின்னர் அவருக்கு ஆதரவாகவே கருத்துத் தெரிவித்தார். கொடிய அமைப்பினுள்ளும் நேர்மையாகச் சிந்திப்பவர் இருக்கக்கூடும் என்பதை வரலாற்றாசிரியன் மறைத்தல் ஆகாது. 1623 ஜனவரியில் ரோமாபுரியின் ஆணை நோபிலிக்குச் சாதகமாக வந்தது. அவ்வாண்டிலேயே அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலத்தில் நாயக்கரால் வரவேற்கப்பட்டு, சேலம் சேர்ந்தார்.

இவ்வழக்கில் மன்றத்தின் பெருங்குறை ஒன்று வெளிப்படுகின்றது. ஒரு நூலும் ஒரு முடிக்கற்றையும் மூடநம்பிக்கையா அன்றா என்று அறிஞர்கள் பதின்மூன்று ஆண்டுகள் வாதிட்டனர். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் சாதியால் பிரிந்து நிற்பது விசுவாசத்துக்கு ஒத்ததா என்பதோ வழக்காகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. உயர்ந்தோர் எனத் தம்மை எண்ணுவோர் எளியோரை இகழலாகாது என்பது அவ்வாணையில் ஓர் அறிவுரையாக மட்டும் இடம்பெற்றது. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்கியவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னதை ஈண்டு நினையாதிருக்க இயலுமோ?

இதனைப் படிக்கும் சீர்திருத்தச் சபையார் ‘நாம் தப்பினோம்’ என்று மகிழ்வதற்கும் இடமில்லை. 1553இல் ஜெனீவாவில் செர்வேத்து எரிக்கப்பட்டது நம்மவர் ஆளுகையிலேயே. அதற்கு வருத்தந் தெரிவிக்கும் கல்லை அங்கே நாட்ட 350 ஆண்டுகள் சென்றன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று விளம்பரஞ் செய்தனர். மறைந்து வாழ்ந்த அத்தமிழ்க் கத்தோலிக்கரைத் தேடி 1687இல் மாறுவேடத்தில் சென்றவர் யோசேப் வாஸ் என்னும் குரு. அவர் கோவாவைச் சேர்ந்தவர். ஒரே நூற்றாண்டில் கோவா, ஒடுக்கும் மன்றத்தையும் ஒடுக்கப்பட்டோரின் மேய்ப்பனையும் அளித்தது. தரங்கம்பாடியிலோ, லுத்தரன் மிஷனெரியாகிய சீகன்பால்குவை 1708 முதல் 1709 வரை நான்கு மாதங்கள் சிறையில் வைத்தவர் அவரைப் போன்ற புராட்டஸ்டண்டு ஆளுநரே. ஆகவே குற்றம் ஒரு சபைப்பிரிவுக்கு மட்டும் உரியதன்று. விசுவாசத்தைக் காக்க வாளைத் துணைக்கழைக்கும் எச்சபையும் இவ்வழியிலேயே விழும்.

இலக்கியம் இதனை ஆழ்ந்து கண்டுள்ளது. பெரிய புராணத்தில் அப்பர் பெருமான் சமயத்தினிமித்தம் பல்லவனால் நீற்றறையிலும் கடலிலும் இடப்படுகிறார். அங்கே நாம் துன்புறுத்தப்படுபவனைக் காண்கிறோம். ருஷிய ஆசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி 1880இல் முடித்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலிலோ துன்புறுத்துகிறவனின் உள்ளம் திறந்து காட்டப்படுகிறது. செவில் நகருக்குத் திரும்பி வரும் கிறிஸ்துவை முதிய விசாரணை அதிகாரி சிறையிடுகிறான். மனிதனால் சுயாதீனத்தைச் சுமக்க இயலாது, அவனுக்காக நாங்களே தீர்மானிக்கிறோம் என்று நெடுநேரம் வாதிக்கிறான். கிறிஸ்து ஒரு வார்த்தையும் பேசாமல் அவனை முத்தமிடுகிறார். மந்தையின்மேல் கொண்ட அன்பே தன்னை இவ்வாறு செய்விக்கிறது என்று அவன் நம்புவதே அதிலுள்ள அச்சந்தரும் உண்மை.

2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், சத்தியத்தின் பெயரால் செய்யப்பட்ட கொடுமைகளுக்காக வெளியரங்கமாகத் தேவனிடம் மன்னிப்பு வேண்டினார். நாம் செய்யத்தக்கது யாது? இன்று நம் கையில் வாளும் இல்லை, விறகும் இல்லை. ஆனால் சபையொழுங்கு நம் கையில் உள்ளது. மொட்டைக் கடிதம் ஒன்றை நம்பி ஒருவரை இராப்போஜனத்திலிருந்து விலக்கும்போதும், அவர் வாய்ச்சொல்லைக் கேளாமல் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்போதும், கோவா மன்றத்தின் முறை சிறிய அளவில் நம் கமிட்டி அறையிலே நடைபெறுகின்றது. மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது: முதலில் தனித்துச் சென்று பேசுதல், பின்னர் சாட்சிகளோடு பேசுதல், அதன்பின்னரே சபைக்கு அறிவித்தல். அங்கே குற்றஞ்சாட்டுகிறவன் முகத்தை மறைப்பதில்லை. சகோதரனை ஆதாயப்படுத்துவதே நோக்கம்.

களையும் கோதுமையும் அறுப்புக்காலம் மட்டும் சேர்ந்து வளரும்படி எஜமான் விட்டுவைத்தார். வேலைக்காரரின் கண்கூர்மையை அவர் நம்பவில்லை. அவர்கள் களையோடு கோதுமையையும் பிடுங்கிவிடுவார்கள் என்பதை அறிந்திருந்தார். காவிரிப் பாசனத்தில் வயல் காக்கும் நம் சபையார்க்கு இவ்வுவமையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. சபையின் விசாரணைப் பொறுப்பேற்று அமரும் போதகரும் மூப்பரும் அதனை மறவாதிருப்பாராக.