படிக்கப் போன பிள்ளையும் சொந்தக்காரர் வீடும்: வன்னியின் ஒரு வழக்கம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து உயர்கல்விக்காக லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ செல்லும் இளைஞரை விமான நிலையத்தில் எதிர்கொண்டு, முதற் சில மாதங்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுக்கும் தூரத்து உறவினரின் செயல், புலம்பெயர் வாழ்வு உண்டாக்கிய புதிய பழக்கமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. வன்னியின் குடியேற்ற வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், அது லண்டனையும் ரொறன்ரோவையும் எட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே, யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வாயிலான ஆனையிறவைக் கடந்து பழகிய வழக்கம் என்பது விளங்கும்.

யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்குத் தெற்கே காடும் குளமுமாக விரியும் பெருநிலப்பரப்பே வன்னி. தூர்ந்த குளங்களும் மலேரியாக் காய்ச்சலும் சேர்ந்து குடிகளைக் குறைத்திருந்த இந்நிலத்தில், 1902இல் இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை தொடங்கியது; 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவுற்றது; 1936இல் தீபகற்பத்தின் சனநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கவென்று கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. காணி கிடைத்தவர்கள் வன்னிக்கு வந்தார்களே தவிர, பள்ளிக்கூடங்கள் அவர்களோடு வரவில்லை. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி முதல் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இந்துக் கல்லூரிகள் வரை, பெயர்பெற்ற கல்வி நிலையங்கள் தீபகற்பத்திலேயே நிலைகொண்டிருந்தன. ஆகவே வயல் இரணைமடுவின் கீழும் படிப்பு ஆனையிறவுக்கு அப்பாலுமாகப் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ நேர்ந்தது.

அக்கல்லூரிகளுக்கு விடுதிகள் இருந்தன என்றாலும், அவை கட்டணத்தைப் பணமாகக் கேட்டன. கமக்காரன் கையிலோ பணம் போகத்துக்கு ஒருமுறைதான் புழங்கியது. இந்த இடைவெளியை நிரப்பியது சொந்தக்காரர் வீடு. தாயின் ஒன்றுவிட்ட சகோதரி, அதாவது தாயின் பெற்றோருடன் பிறந்தவரின் மகள், அல்லது ‘கொண்டு கொடுத்த’ வழியில், அதாவது பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் நெருங்கிய வழியில் மாமன் முறையாகும் ஒருவர், பிள்ளையை ஏற்றுக்கொள்வார். வாடகை என்றோ சாப்பாட்டுக் காசு என்றோ எவரும் வாய்திறப்பதில்லை. திறந்தால் அது அவமதிப்பாகிவிடும். ஆனால் காலபோகம், அதாவது மாரி மழையை நம்பி விதைத்து மாசி பங்குனியில் அறுக்கும் பெரும்போகம், முடிந்ததும் நெல் மூட்டை யாழ்ப்பாணம் போகும். தேனும் நெய்யும் பாலைப்பழமும் அந்தந்தக் காலத்தில் கூடப் போகும். பள்ளி ஆண்டு தையில் தொடங்க அறுவடை அதன் பின்னரே வருவதால், பிள்ளை முதலில் போய்ச் சேரும், நெல் பிறகுதான் போய்ச் சேரும். வாக்கின்மேல் கொடுக்கப்படும் இக்கடனுக்கு எழுத்து எதுவும் இல்லை. பிள்ளையும் சும்மா இருந்து உண்பதில்லை: கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், கடைக்குப் போவதும், அவ்வீட்டுச் சிறுவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் கேளாமலே அதன் பங்காகிவிடும். இதை விருந்தோம்பல் என்று மட்டும் எழுதிச் செல்வோர் உண்மையின் பாதியையே எழுதுகின்றனர். வன்னி நெல்லையும் யாழ்ப்பாணம் படிப்பையும் கொடுத்த இந்த மாற்றில், நெல்லின் விலையை எல்லோரும் அறிந்திருக்க, அந்நிய வீட்டில் வளர்ந்த பிள்ளையின் மனக்குறையை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு, மாணவரின் புள்ளிகளைச் சரிசெய்யும் தரப்படுத்தலும் அதன் தொடர்ச்சியாக 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்தபோது வன்னிப் பிள்ளைகளின் படிப்பு ஒரு விசித்திரமான திருப்பம் கண்டது. பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சலுகை கிடைத்தது. ஆனால் கிளிநொச்சி 1984 வரை தனி மாவட்டமாக இருக்கவில்லை, யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. வசதி குறைந்த அதன் பள்ளிகளில் படித்த மாணவர், தீபகற்பத்தின் புகழ்பெற்ற கல்லூரி மாணவரோடு ஒரே பங்குக்குள் நின்று போட்டியிட வேண்டியிருந்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் தீபகற்பத்தின் வலிகாமம் பகுதி மக்கள் போரினால் ஒரே மூச்சில் பெயர்ந்து, அவர்களில் பலர் மறு ஆண்டில் வன்னிக்குள் வந்தபோது, பழைய கணக்கு தலைகீழானது. ஒருகாலத்தில் பிள்ளைக்கு இடம் கொடுத்தவர்கள் முழுக் குடும்பமாக வந்து நிற்க, அப்பிள்ளையின் வீட்டார் முற்றத்தில் கொட்டில் போட்டுக் கொடுத்தனர். வன்னியைவிட்டு வெளியேறுவதற்குப் பாஸ் எனப்பட்ட அனுமதிச் சீட்டும், திரும்பி வருவதற்குப் பொறுப்பு நிற்கும் ஆளும் தேவைப்பட்ட ஆண்டுகளில், உறவு என்பது தங்க இடம் என்பதோடு நில்லாமல் பிணை என்றும் பொருள்பட்டது.

இவ்வழக்கத்தின் கடல் கடந்த கிளையின் தொடக்கம் இந்த இடப்பெயர்வினும் பழையது. பிரித்தானியர் காலத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அலுவலகங்களுக்கும் எழுதுவினைஞராகப் போன யாழ்ப்பாணத்தார், பின்னால் வந்த உறவினரை முன்னால் போனவர் ஏற்கும் முறையை அங்கு நிலைநாட்டியிருந்தனர். கல்விக்காக லண்டன் செல்வோருக்கு இம்முறையை இன்றியமையாததாக்கியவற்றுள் இலங்கையின் 1953ஆம் ஆண்டுச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒன்று. கொண்டுபோகக்கூடிய பணம் அளவுக்குட்பட்டதால், போய் இறங்கும் நாட்டில் ஒரு வீடு இருப்பது வங்கிக் கணக்கைவிடப் பெரிதாயிற்று. தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் அகதிகளாகச் சென்றோர் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் நிலைபெற, அவ்வீடுகள் பெருகின. எனினும் அகதி தான் விரும்பிய நகருக்குப் போவதில்லை, ஏற்றுக்கொள்ளும் நகருக்கே போகிறான். அதனால் தாய்மாமன் ஒஸ்லோவிலும் பல்கலைக்கழகம் லண்டனிலுமாக அமைந்துவிட, கிளிநொச்சியில் கலியாண வீட்டில் மட்டும் முகம் காட்டியிருக்கக்கூடிய ஒருவர் லண்டனில் சித்தப்பாவாகிறார்.

அந்தச் சித்தப்பாவிடம் இன்று எதிர்பார்க்கப்படுவது சாப்பாட்டையும் படுக்கையையும் தாண்டியது. பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் குறித்த தொகை 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். கனடா, 2024 தொடக்கத்தில், தனியொரு மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. வயல் வருமானத்தால் எட்ட முடியாத அத்தொகையைத் திரட்ட வெளிநாட்டு உறவினரை நாடும் குடும்பங்கள் உண்டு. நெல் மூட்டை அனுப்ப வழியில்லாத அந்தத் தூரத்தில், கைம்மாறு பிள்ளை பராமரிப்பாகவும், வகுப்பு முடிந்தபின் உறவினர் கடையில் செய்யும் வேலையாகவும், சிலவேளை கலியாணப் பேச்சாகவும் உருமாறுகிறது.

இவ்வழக்கத்துக்கு வெளியே நின்ற வன்னி மக்களும் உண்டு. தமிழருக்கு எதிரான 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும், கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களிலும் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்தில் மாமனும் இல்லை, லண்டனில் சித்தப்பாவும் இல்லை. அவர்களுடைய உறவினரில் ஒரு பகுதியினர் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்நாட்டின் பிற இடங்களிலும் கூலி வாழ்வு வாழ்ந்துகொண்டிருந்தனர். வன்னியின் கல்வி வரலாற்றில் இவர்களின் பிள்ளைகள் பின்தங்கியதற்கு வறுமையையே காரணம் காட்டுவது வழக்கம். அதே வறுமையிலிருந்து அயல் குடியேற்றத்துப் பிள்ளையை ஏற்றிவிட்ட சொந்தக்காரர் வீடு இவர்களுக்கு இல்லாமற்போனதையும் அதனோடு சேர்த்தே எழுத வேண்டும்.