ஆங்கிலத்தின் வழியே தமிழ்: பாரிஸ் வார இறுதி வகுப்புகளும் இணையக் கருவிகளும்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் எழுத்துருக்கள், குறியேற்றங்கள், மாநாட்டுத் தீர்மானங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை வகுப்பறையில் கையாண்ட ஆசிரியர் அதில் அரிதாகவே தோன்றுகிறார். பாரிசின் லா சப்பல் பகுதியையும் அங்குள்ள ரூ காய் தெருவையும் தம் கடைத்தெருவாகக் கொண்டு, புறநகர்களில் பரந்து வாழும் ஈழத்தமிழரின் வார இறுதி வகுப்புகளை முன்வைத்து, அவ்வரலாற்றின் ஒரு பகுதியை ஆசிரியரின் பக்கமிருந்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது. இவ்வாசிரியர்களுக்குக் கிட்டிய இணையக் கருவிகள் ஏறத்தாழ அனைத்தும் ஆங்கிலம் அறிந்தவரைக் கருதி அமைந்தவை. பிரெஞ்சில் கல்வி பெறும் பிள்ளைக்கு அவை மூன்றாவது மொழியொன்றின் வழியே தமிழைக் காட்டின என்பது இங்கு நிறுவ விரும்பும் கருத்து.

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் பெருகிய புலம்பெயர்வு, பாரிசில் ஒரு தமிழ்ச் சமூகத்தை உருவாக்கியது. 1901ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட அமைப்புகள், தமிழ்ச்சோலை முதலிய பெயர்களில் வகுப்புகளை நடத்தலாயின. இரவல் அறை, தொண்டாசிரியர், ஒளிநகல் எடுத்த பயிற்சித்தாள் ஆகியனவே இவ்வகுப்புகளின் மூலதனம். எனவே கணினி இங்கு முதலில் ஓர் அச்சுக்கருவியாகவே நுழைந்தது. அதன் எழுத்துரு பாமினி.

பாமினியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு அது. எழுத்துரு நிறுவப்படாத கணினியில் 'அம்மா' என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற பொருளற்ற வரிசையாகத் தோன்றும். பிரான்சில் இதனினும் பெரியதோர் இடர் இருந்தது. பாமினி, ஆங்கில விசைப்பலகையின் மேல் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் அமைப்பைத் தழுவியது. அதில் வலக்கைச் சிறுவிரலின் இயல்பான இடத்தில் புள்ளி அமையும். பிரெஞ்சு அசேர்ட்டி விசைப்பலகையில் அவ்விடத்தில் எம் என்னும் எழுத்து உள்ளது. பாமினியில் அது அகரம். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பயின்று வந்த ஒருவர் பாரிசில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிட முயன்றால், ஒவ்வொரு முறையும் 'அ' விழும். கணினியை ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றி, விசைகளில் பொறித்திருப்பதைக் கண்டுகொள்ளாமல் தட்டுவதே இதற்கு மாற்று. ஆங்கிலத்தின் குறுக்கீடு இவ்வாறு விரல் நுனியிலேயே தொடங்கிவிட்டது.

ஒருங்குறி பரவியபோது இவ்விடர் நீங்கியது. ஆனால் பாமினியில் எழுதிய பயிற்சித்தாள்கள் தேங்கின. அவற்றை மீட்க உதவியது, செருமனியில் வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ்க் குறிமாற்றி. இணையப் பக்கமொன்றில் பழைய உரையை ஒட்டினால் ஒருங்குறி உரை கிடைக்கும், வேறொன்றும் செய்யவேண்டியதில்லை. புலம்பெயர் ஆசிரியருக்கு மிகுதியும் பயன்பட்ட கருவி எதுவென வினவினால், பெருநிறுவனங்களின் படைப்புகளுக்கு முன்னே இதனையே குறிப்பிடுவேன்.

இணையத் தமிழின் தொடக்கத்திலும் ஆசிரியர்கள் இருந்தனர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஆசிரியர் பயிற்சித் துறையைச் சார்ந்தவர். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் வாழ்ந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். பிரெஞ்சு பேசும் நகரொன்றிலிருந்தே தமிழ் இலக்கியம் இணையமேறியது என்பதைப் பாரிசில் பலர் அறியார். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்), 2005இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டமும் தோன்றின. மழலைப் பாடங்களை முன்னதிலிருந்தும், பழைய பாடநூல்களைப் பின்னதிலிருந்தும் ஆசிரியர் பெறலாம். எனினும் முன்னதன் சொற்கள் தமிழகத்தன. வீட்டில் 'கதிரை' என்றும் 'சவர்க்காரம்' என்றும் கேட்டு வளரும் பிள்ளை, பாடத்தில் 'நாற்காலி', 'சோப்பு' எனக் கேட்கும்போது தன் தாயின் தமிழ் பிழையோ என ஐயுறுகிறது.

பிள்ளைகள் தாமே தட்டச்சு செய்யத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. உரோமன் ஒலிபெயர்ப்பு உள்ளீடு ஆங்கில ஒலிமதிப்பைக் கருதியது. பிரெஞ்சுப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு உகர ஒலி என்பது ஓ, யூ என்னும் இரண்டெழுத்துகள். புதுச்சேரிப் பதிவேடுகளில் முத்துசாமி என்னும் பெயர் அவ்வாறே எழுதப்பட்டது. அவ்வழக்கில் 'முத்து' எனத் தட்டும் பிள்ளைக்கு ஒலிபெயர்ப்பு முறை ஒகரத்தையும் உகரத்தையும் தனித்தனியே தரும். தமிழ் தட்டச்சு செய்வதற்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலில் கற்கவேண்டியிருந்தது.

கூகுள் மொழிபெயர்ப்பு 2011இல் தமிழைச் சேர்த்தது. நீண்டகாலம் ஆங்கிலமே அதன் இடைமொழி. பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் பொதுவானதோர் இலக்கணப் பண்பு, முன்னிலையில் ஒருமையையும் மரியாதைப் பன்மையையும் வேறுபடுத்துவது: பிரெஞ்சில் 'தூ', 'வூ', தமிழில் 'நீ', 'நீங்கள்' (யாழ்ப்பாண வழக்கு இடையில் 'நீர்' ஒன்றையும் வைத்துள்ளது). இரண்டும் ஆங்கிலத்தின் ஒரே சொல்லில் கரைந்து மறுபுறம் வெளிவருகையில் வேறுபாடு அழிகிறது. பாட்டியை 'நீ' என விளிக்கும் வாக்கியத்தைக் கருவி தந்தால், பிள்ளை அதனை அப்படியே எழுதிக் கொணர்கிறது. நெருங்கிய இரு பழக்கங்களுக்கு நடுவே இருந்த பாலம் இவ்வாறு தகர்கிறது.

2020 மார்ச் 16 அன்று பிரான்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வார இறுதி வகுப்புகள் பலவும் சூமுக்கு மாறின. இலவசக் கணக்கின் நாற்பது நிமிட எல்லை பாடத்தின் நீளத்தையே தீர்மானித்தது. இக்காலத்தைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டதால் விரிக்கவில்லை. கஹூட் முதலிய வினாவிடைக் கருவிகள் தமிழ் எழுத்தை ஏற்றமையால், ஆசிரியர் ஆங்கிலமின்றித் தமிழும் பிரெஞ்சும் மட்டும் கொண்டு பயிற்சி அமைக்க இயன்றது என்பதை மட்டும் குறிக்கலாம்.

பிரெஞ்சு–தமிழ்த் தொடர்புக்கு மூலவளம் இல்லையென்று கூறமுடியாது. மூசே, துப்புய் ஆகிய குருமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855க்கும் 1862க்கும் இடையில் புதுச்சேரியில் வெளிவந்தது. பாரிசின் கீழ்த்திசை மொழிப் பள்ளியில் கற்பித்த ஜூலியன் வின்சோன் 1903இல் தமிழ்க் கைநூலொன்றை வெளியிட்டார். மூன்றாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1970இல் கூடியதும் இந்நகரிலேயே. ஆயினும் இன்று ஐயம் எழும் ஆசிரியர் நாடுவது, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடத்தக்க வடிவிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை. மூசே–துப்புய் அகராதி பட வடிவிலேயே காணக்கிடைக்கிறது. அதனை எழுத்துரையாக்குவது அரும்பணியன்று. மதுரைத் திட்டம் தன்னார்வலரைக் கொண்டு இதனினும் பெரிய நூல்களை உள்ளிட்டுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அகராதியில் இன்றைய பிள்ளைக்கு வேண்டிய சொற்கள் பல இரா. அச்சொற்களைத் தேட வேண்டிய இடம் ஆசிரியர்களின் பயிற்சித்தாள்கள். பாடத்தின் ஓரத்தில் அவர்கள் எழுதிச் சேர்த்த பிரெஞ்சுப் பொருள்விளக்கங்கள், யாரும் தொகுக்காத ஒரு சிற்றகராதி. அவற்றுள் பழையவை இன்றும் பாமினியிலேயே, பயன்பாடிழந்த கணினிகளில் உள்ளன. அவற்றை எழுதியோருள் மூத்தவர்கள் எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.