ஓய்வு பெற்ற தொடர்வண்டிப் பெட்டிகள்

பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை தொடர்வண்டிப் பாதை கிடையாது. அவ்வூர் மக்களுக்கு அருகிலுள்ள நிலையம் அரியலூரே. விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி குறுக்குப் பாதையில் அமைந்த இந்நிலையத்தைப் பலரும் அறிந்தது ஒரு பெருந்துயரத்தால். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி விரைவுவண்டி கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

அக்காலப் பெட்டிகளில் பெரும்பாலானவை இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டப்பட்டவை; மோதினால் எளிதில் நொறுங்கும். சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் முழு எஃகுப் பெட்டிகளைத் தயாரித்தது. அவை நாடெங்கும் ஓடின. அந்தப் பழைய வடிவமைப்பின் தயாரிப்பு 2018இல் முடிவுக்கு வந்தது.

எஃகுப் பெட்டியின் பயணிகள் சேவைக் காலம் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அதன்பின் எல்லாம் உடனே பழைய இரும்பாகிவிடுவதில்லை. உறுதியான அடிச்சட்டம் உள்ளவற்றில் இருக்கை, மின்விசிறி, கழிவறை ஆகியவை அகற்றப்படுகின்றன. சன்னல்கள் தகட்டால் அடைக்கப்படுகின்றன. முனைகளில் அகலக் கதவுகள் வைக்கப்படுகின்றன. கார்கள் ஒரு முனையில் ஏறிப் பெட்டி பெட்டியாக உள்ளே நகர்ந்து நிற்கும். சன்னலில்லாப் பயணிகள் வண்டிபோல் தோன்றும் சரக்கு வண்டி இதுவே. 2020 கொரோனா காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட பழைய பெட்டிகள் தனிமைப்படுத்தும் அறைகளாயின. சில பெட்டிகள் நிலைய வளாகங்களில் உணவகங்களாகியுள்ளன. சில பெரம்பூர் இரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நிற்கின்றன. எஞ்சியவை ஏலத்தில் விற்கப்பட்டு, வெட்டப்பட்டு, உருக்காலைக்குச் செல்கின்றன.