ஹங்குல் எழுத்தும் கணினிக் குறியேற்றமும்: ஒரு வரலாற்று நோக்கு

கொரிய மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல், உறுப்புகளை இணைத்து அசைகளை ஆக்கும் எழுத்துமுறையாகும். முதல்மெய், உயிர், தேவைப்படின் இறுதிமெய் ஆகியன ஒரு சதுரத்துள் அடுக்கப்பட்டு ஓர் அசையெழுத்தாகின்றன. இன்றைய வழக்கில் முதல்மெய்கள் 19, உயிர்கள் 21, இறுதிமெய்கள் 27. இறுதிமெய் இல்லாத நிலையையும் சேர்த்துப் பெருக்கினால் 11,172 அசைகள் கிடைக்கும். கணினியில் இவ்வெழுத்தை ஏற்றுங்கால் அலகாகக் கொள்ளத்தக்கது உறுப்பா, அசையா? இவ்வினாவுக்குக் கொரியர் கண்ட விடைகளை இக்கட்டுரையில் நாம் ஆராய்கிறோம்.

1980களில் இரு முறைகள் வழக்கிலிருந்தன. 'ஜொஹாப்' எனப்படும் கூட்டுமுறை, மூன்று உறுப்புகளுக்கும் ஐந்தைந்து பிட்டுகளை ஒதுக்கி, ஓர் அடையாளப் பிட்டுடன் 16 பிட்டுகளில் ஓர் அசையைக் குறித்தது. 'வான்சொங்' எனப்படும் முழுவடிவ முறையோ ஒவ்வோர் அசைக்கும் தனி எண் வழங்கியது. 1987இல் வெளிவந்த கேஎஸ் சி 5601 என்னும் தேசியத் தரநிலை பின்னதையே ஏற்றது. அனைத்துலக விதிகளுக்கு இயைந்த அதன் 94க்கு 94 கட்டத்தில் 8,836 இடங்களே இருந்தன. அவற்றுள் 4,888 இடங்கள் சீன எழுத்துகளுக்குச் சென்றன. ஹங்குலுக்குக் கிட்டியவை 2,350 மட்டுமே.

எஞ்சிய 8,822 அசைகள் பட்டியலுக்கு வெளியே நின்றன. 1990இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நாடகத் தலைப்பின் முதலசை, அதாவது அழுத்தத் தகரத்தில் தொடங்கும் 'தொம்', அப்பட்டியலில் இல்லை. கையால் எவரும் எழுதக்கூடிய எழுத்தைத் தரநிலை எழுதவொட்டாது தடுத்தது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுமுறையையும் பின்னிணைப்பாக ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறியிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. 1991இன் முதற்பதிப்பில் 2,350 ஆக இருந்த அசைகள், 1993இன் 1.1 பதிப்பில் 6,656 ஆயின. 1996இன் 2.0 பதிப்பு 11,172 அசைகளையும் புதியதோர் இடத்தில் முறைப்பட அமைத்து, பழைய இடங்களைக் கைவிட்டது. இவ்வமைப்பில் எண்ணைக் கணக்கிட்டே பெறலாம். தொடக்க எண் 44,032. ஒவ்வொரு முதல்மெய்க்கும் 588 இடங்கள் உரியன. 'ஹன்' என்னும் அசைக்கு முன் 18 முதல்மெய்களின் இடங்களும், அதே வரிசையில் 4 இடங்களும் கழிகின்றன. ஆகவே அதன் எண் 54,620. பட்டியலுக்குள்ளும் கூட்டுமுறையின் விதியே இயங்குவதை இங்குக் காண்கிறோம்.

ஆயினும் இம்மாற்றத்திற்கு விலையிருந்தது. பழைய எண்களில் சேமித்த உரைகள் பிழைபட்டன. ஏற்றிய எழுத்தை இனி இடம்பெயர்ப்பதில்லை என்னும் உறுதிப்பாட்டை ஒருங்குறி அமைப்பு அதன்பின் மேற்கொண்டது. மேலும், 11,172 அசைகளும் தற்கால மொழிக்கே போதுமானவை. வழக்கொழிந்த உயிர்களும் மெய்களும் பயிலும் பதினைந்தாம் நூற்றாண்டு நூல்களை அவற்றால் முழுமையாக எழுதவியலாது. அதற்கு இணையும் உறுப்பெழுத்துகளே தேவைப்பட்டன, 2009இன் 5.2 பதிப்பு அவற்றை விரிவுபடுத்தியது.

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கும் தொடர்புடையது. 1991இல் தமிழ், 128 இடங்கள் கொண்ட பகுதியில், பெரும்பாலான உயிர்மெய்களுக்குத் தனியெண் இன்றி இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியுடன், அனைத்தெழுத்துகளுக்கும் தனியிடம் தரும் 16 பிட்டு முறையையும் தரநிலையாக ஏற்றது. கொரிய முன்னுதாரணத்தை எடுத்தாள்வோர் அதன் இரு பக்கங்களையும் நோக்குதல் வேண்டும். கொரியர் முழுப்பட்டியலைப் பெற்றது இடப்பெயர்ச்சி இயன்ற காலத்தில். பெற்ற பின்னரும் தம் பழைய இலக்கியத்திற்கு உறுப்பெழுத்துகளையே நாடினர்.