கோவேறு கழுதைக்குக் கூலி 60 பவுண்டு

தொழிற்புரட்சின்னா ஜேம்ஸ் வாட்டும் நீராவி எஞ்சினும்தான் உடனே ஞாபகம் வரும். நூல் நூற்கும் மெஷின் செஞ்சவங்களைப் பரீட்சைக்குப் படிச்சு மறந்திருப்போம். அதில் ஒருத்தர் கதை பொட்டி தட்டுற நமக்கும் பொருந்தும். சாமுவேல் கிராம்ப்டன், ஊர் இங்கிலாந்தில் போல்டன்.

அவருக்கு முன்னாடியே ரெண்டு மெஷின் இருந்தது. ஹார்கிரீவ்ஸின் ஜென்னியில் (1764 வாக்கில்) ஒரே ஆள் பல கதிர்களைச் சுத்தலாம். ஆனா நூல் தொளதொளன்னு இருக்கும், ஊடைக்குத்தான் ஆகும். ஆர்க்ரைட்டின் வாட்டர் ஃப்ரேமில் (1769) வெவ்வேறு வேகத்தில் சுத்தும் ரோலர்கள் பஞ்சை இழுத்து மெலிய வைக்கும். நூல் உறுதி, பாவுக்கு ஏத்தது; ஆனா சன்னமா வராது.

ஜென்னியில் அறுந்த இழைகளை ஒட்டியே சலிச்சுப்போன கிராம்ப்டன், தியேட்டரில் பிடில் வாசிச்ச காசில் அஞ்சு வருஷம் உழைச்சு, 1779-ல் ரெண்டையும் கலந்தார். ரோலர் பஞ்சை விட விட, கதிர்கள் பூட்டிய வண்டி பின்னால் நகர்ந்து இழையை இழுத்துக்கிட்டே முறுக்கும். திரும்பி வரும்போது நூலைச் சுத்திக்கும். மஸ்லின் நெய்யும் அளவுக்குச் சன்னமான, உறுதியான நூல்! அதுவரை அந்தத் துணிக்கு இந்தியாவைத்தான் நம்பியிருந்தாங்க. ரெண்டு ஜாதி கலந்ததால் மெஷினுக்குப் பேர் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை.

பேட்டன்ட் எடுக்கலை. "ரகசியத்தைக் காட்டு, வசூல் பண்ணித் தர்றோம்"னு ஆலைக்காரங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. நம்பிக் காட்டினார். வந்தது 60 பவுண்டு சொச்சம். கையெழுத்துப் போட்ட சிலரே காசு தர மறுத்துட்டாங்க.

1811-ல் ஊர் ஊரா ஆலைகளுக்குப் போய் அவரே கணக்கெடுத்தார். மியூல் கதிர்கள் மட்டும் 40 லட்சத்துக்கு மேல்! மறுவருஷம் பார்லிமென்ட் 5,000 பவுண்டு கொடுத்தது. அதைப் போட்டு ஆரம்பிச்ச தொழிலும் நொடிச்சது. 1827-ல் இறந்தார். 1862-ல் போல்டனில் சிலை வெச்சாங்க.

'பேட்டன்ட் எடுத்திருந்தா பிழைச்சிருப்பார்'னு சொல்லலாம். ஆனா ஆர்க்ரைட் பேட்டன்ட்டும் 1785-ல் கோர்ட்டில் ரத்தாச்சு. இருந்தும் அவர் 'சர்' பட்டத்தோட, பெரும் பணக்காரராத்தான் 1792-ல் செத்தார். காரணம், அவர் ஆலைகளைக் கட்டினார். இவர் மெஷினை மட்டும் கட்டினார்.

இவரை 'அந்தக் கால ஓப்பன் சோர்ஸ்'னு கொண்டாடுறதில் எனக்கு உடன்பாடில்லை. ஓப்பன் சோர்ஸ்ல குடுக்கிறவன் இஷ்டப்பட்டுக் குடுக்கிறான். கிராம்ப்டன் தானம் பண்ணலை. விலை பேசினார், வாங்கினவங்க ஏமாத்திட்டாங்க. ரெண்டும் ஒண்ணா? நீங்க என்ன சொல்றீங்க மக்களே?